சந்தைக்குப் போகும் வழியும் கணக்கில் உண்டு

உழவர் சந்தை தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. முன்மாதிரி இல்லாமல் வந்ததல்ல அது. பஞ்சாபில் 1987இலேயே ‘அப்னி மண்டி’ வந்துவிட்டது. ஆந்திரத்தில் அதே 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ வந்தது. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் தமிழ்நாட்டுச் சந்தைகள் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006க்குப் பின் மீண்டும் எழுந்தன. இன்று மாநிலம் முழுவதும் 180க்கு மேல் இருக்கின்றன.

சந்தையின் ஏற்பாடு எளிது. விளைவிப்பவரே விற்க வேண்டும். நடுவில் ஆள் கூடாது. நிலமும் பயிரும் உண்டா என்று சரிபார்த்த பிறகுதான் உழவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கிடைக்கும். கடைக்கு வாடகை இல்லை, தராசுக்குக் கட்டணம் இல்லை, தரகு இல்லை. அன்றைய மொத்த விலையைப் பார்த்து, அதற்குச் சற்று மேலாகவும் வெளிக்கடை விலைக்குக் கீழாகவும் ஒரு விலை வைத்து, காலையிலேயே பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். உழவர் பெயரில் வியாபாரி வந்து உட்கார்ந்துகொள்கிறார் என்ற புகார் தொடக்கத்திலிருந்தே உண்டு. அட்டையைச் சோதிக்கும் கண் அயர்ந்தால் சந்தையின் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

மண்டி வழியாகப் போனால் என்ன ஆகிறது? ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, கமிஷன், எடைக் கழிவு, பிறகு சில்லறைக் கடைக்காரரின் பங்கு. 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்று, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் 100 ரூபாயில் உழவர் கைக்கு வருவது சுமார் 33 ரூபாய் என்கிறது. வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. உழவர் சந்தையின் முதல் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டாவது நியாயமாகச் சொல்லப்படுவது சுற்றுச்சூழல். உள்ளூர்க் காய் தூரத்திலிருந்து வருவதில்லை, டீசல் மிச்சம், புகை குறைவு என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

கோலாரிலிருந்து சென்னை கோயம்பேட்டுக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் லாரி 10 டன் தக்காளியோடு வந்தால் 60 லிட்டர் டீசல். காலியாகத் திரும்புவதையும் சேர்த்தால் 120. ஒரு கிலோ தக்காளியின் பங்குக்கு வருவது 12 மில்லிலிட்டர். இனி வாங்குபவர் பக்கம். வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்கு ஸ்கூட்டரில் போய், 5 கிலோ காய் வாங்கித் திரும்புகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றாலும் 200 மில்லிலிட்டர் பெட்ரோல், கிலோவுக்கு 40. காரில் போனால் இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கிலோ கணக்கில் பார்த்தால், 270 கிலோமீட்டர் வந்த லாரியைவிட 5 கிலோமீட்டர் போன வண்டி அதிகம் குடித்துவிட்டது!

அமெரிக்க உணவுமுறையை ஆராய்ந்து வெபர், மேத்யூஸ் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது: உணவு வெளியிடும் பசுங்குடில் வாயுவில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்; வயலிலும் பண்ணையிலும் உற்பத்தியின்போதே எழுவது 83 சதவீதம். தமிழ்நாட்டுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனாலும் எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட எப்படி விளைந்தது என்பது பெரிய கேள்வி என்பதில் சந்தேகமில்லை. உழவர் சந்தைக் கத்தரிக்காய் பக்கத்து ஊர்க் காய்தான். பூச்சிமருந்து படாத காய் என்று பலகை சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குபவர்கள் ஏராளம்.

அப்படியானால் உள்ளூர்ச் சந்தையால் சுற்றுச்சூழலுக்கு நன்மை இல்லையா? உண்டு, வேறு இடத்தில் உண்டு. தொலைவுக்குப் போகும் தக்காளியைச் செங்காயாகப் பறித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். குலுங்கி, நசுங்கி, வெயிலில் வெதும்பி வருவதில் ஒரு பங்கு குப்பைக்குத்தான் போகும். அதை விளைவித்த தண்ணீரும் உரமும் உழைப்பும் கூடவே போகும். பக்கத்து ஊர்த் தக்காளியைப் பழுத்த பிறகு பறிக்கலாம். கீரைக்கு இது இன்னும் பொருந்தும். சிறுகீரையும் முளைக்கீரையும் மாலையில் பறித்தால் காலையில் விற்றாக வேண்டும். குளிர்பதனக் கிடங்கு, பிளாஸ்டிக் உறை எதையும் கேட்காத சரக்கு அது. விலைபோகாமல் வாடியது மாட்டுக்குப் போகும்.

பருவமும் சந்தைக்குள் தெரியும். மார்கழி, தையில் மொச்சையும் அவரையும் குவியும். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு வரும். எல்லாக் காயும் எல்லா நாளும் வேண்டும் என்ற பழக்கம்தான் குளிர்பதனத்தையும் நெடுந்தூர லாரியையும் கேட்கிறது.

சந்தைக்கு எடுத்துப்போகும் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. தடையால் மட்டும் பிளாஸ்டிக் பை ஒழியவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு போவது பட்டிக்காட்டுத்தனம் என்று சிரித்த நகரம், அதையே இயக்கமாக நடத்த வேண்டி வந்தது.

மிச்சக் கணக்கு அடுக்களையில். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் நுகர்வோர் வரை வந்துசேர்ந்த உணவில் 19 சதவீதம் வீணானது. 105 கோடி டன். அதில் 60 சதவீதம் உணவகங்களிலோ கடைகளிலோ அல்ல, வீடுகளில். மலிவாகக் கிடைக்கிறதென்று சந்தையில் இரண்டு பை நிறைய வாங்கி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் அழுகவிட்டால், வழியில் மிச்சமானதெல்லாம் அங்கே போய்விடும். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கிற, வாழைத்தண்டைப் பொரியலாக்குகிற வீட்டில் குப்பைக்குப் போக அதிகம் இருப்பதில்லை. அந்த வீட்டார் சந்தைக்கு நடந்தோ, பேருந்திலோ, வேலைக்குப் போய்த் திரும்பும் வழியிலோ போனால் ஸ்கூட்டர் கணக்கும் நேராகிவிடுகிறது.