இலையை எண்ணி உலை வை



நசரத்பேட்டையில் படித்து முடித்து, அம்பத்தூரில் ஓர் அளவீட்டுக் கருவிக்கு புரோகிராம் எழுதினேன். மொத்த மெமரியே 16 எம்.பி. உள்ளே எஸ்க்யூலைட். காலையில் ஓடும், சாயங்காலம் நின்றுவிடும். தப்பு என்னுடையதுதான்.

2016-ல் வந்த 3.12 பதிப்பு முதல், நாம் மாற்றாவிட்டால், ஓர் இணைப்பின் கேஷ் வரம்பு 2,000 கே.பி. உடனே பிடிக்காது, மெல்ல நிரம்பும். நான் திறந்து வைத்ததோ ஆறு இணைப்பு. ஆக 12,000! "அதிகம் இருந்தா நல்லதுதானே"ன்னு விட்டிருந்தேன். 200 ஆக்கினேன், மொத்தம் 1,200. தேடல் சற்றே மெதுவானது, கருவி நிற்கவில்லை.

தம்பி தங்கைகளே, கையேட்டு எண்ணை அப்படியே நம்பாதீங்க, பெருக்கிப் பாருங்க. பந்தியில் இலையை எண்ணித்தானே உலை வைக்கிறோம்?