எழுத்தும் புள்ளியும்



புற்றுநோய் என்று கேட்டவுடன் நம் வீடுகளில் எழும் சொல் ‘தலையெழுத்து’ என்பதாகும். முன்னரே எழுதப்பட்டது, அழித்தெழுத இயலாதது என்பது அச்சொல்லின் உட்பொருள். மரபணுவின் எழுத்துகள் பிழைபடுவதே புற்றுநோய் என்று அறிவியலும் நெடுங்காலம் பெரிதும் கருதி வந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் இக்கருத்தை விரிவுபடுத்தியுள்ளன. எழுத்து வேறு, எழுத்தின்மேல் இடப்படும் குறி வேறு என்பதே அவை உணர்த்தும் உண்மை.

தமிழறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ககரத்தின்மேல் புள்ளி வைத்தால் எழுத்தின் வடிவம் சிதைவதில்லை; அதனுள் உறையும் அகரம் மட்டும் அடங்கிவிடுகிறது. ஓலை கிழியும் என்றஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். புள்ளி நீங்கின் ‘பல்’ என்பது ‘பல’ என்றாகிவிடும். ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் இதனால் பட்ட இடர் சிறிதன்று.

மனித உடலின் செல்களில் டி.என்.ஏ. என்னும் நெடிய ஏடு உள்ளது. அது நான்கே எழுத்துகளால் ஆனது. கண்ணின் செல்லும் சிறுநீர்ப்பையின் செல்லும் ஒரே ஏட்டைக் கொண்டிருந்தும் வெவ்வேறு தொழில் புரிகின்றன. எப்பகுதி ஒலிக்க வேண்டும், எப்பகுதி அடங்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிகள் அவ்வேட்டின்மேல் அமைந்திருப்பது இதற்குக் காரணம். இக்குறிகளை ஆராயும் துறை எபிஜெனடிக்ஸ் எனப்படும். மேல்மரபியல் என்று தமிழில் வழங்கலாம். 1942இல் பிரித்தானிய உயிரியலாளர் வாடிங்டன் இப்பெயரை இட்டார். அதன் இன்றைய பொருள் பின்னர் வளர்ந்தது. குறிகளுள் முதன்மையானது மெத்தில் தொகுதி. சைட்டோசின் என்னும் எழுத்தின்மேல் அது புள்ளிபோல் ஒட்டுகிறது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்புள்ளிகள் செறிந்தால் அம்மரபணு ஊமையாகிறது. செல் பிரியும்போது பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலும் அதே இடங்களில் புள்ளி வைக்கும் நொதி ஒன்று உண்டு. அது நேர்மையான எழுத்தர். ஆதலால் தவறாக விழுந்த புள்ளியையும் தவறாமல் படியெடுத்துவிடும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டறியப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரிடம் அது தசையைத் தொடாமல் உட்புறப் படலங்களின் அளவிலேயே நிற்கிறது. அகற்றினாலும் பலரிடம் மீண்டும் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் உள்நோக்கிக் கருவி செலுத்திச் சோதிக்க வேண்டியுள்ளது. சிலரிடம் தசைச்சுவரை ஊடுருவுகிறது. அந்நிலையில் சிறுநீர்ப்பையையே அகற்ற நேர்வதுண்டு. நோய் ஏன் மீள்கிறது, ஏன் ஊடுருவுகிறது என்னும் வினாக்களுக்குப் புள்ளிகள் ஒரு பகுதி விடை தருகின்றன.

அந்நோயில் இருவகைப் பிழையும் ஒருங்கே நிகழ்கின்றன. வேண்டாத இடத்தில் புள்ளி விழுவது ஒன்று. செல் பிரிதலைத் தடுத்து நிறுத்தும் பி-16 மரபணு இவ்வாறு வாயடைக்கப்படுவதை 1995இல் ஆய்வாளர் காட்டினர். இருக்க வேண்டிய புள்ளி உதிர்வது மற்றொன்று. மெட் என்னும் மரபணுவின் உள்ளே லைன்-1 என்னும் பழந்துணுக்கு ஒன்று புள்ளியால் அடங்கிக் கிடக்கிறது. அப்புள்ளி உதிர்ந்தால் அங்கிருந்து மெட் மரபணுவின் திரிந்த படி ஒன்று எழுகிறது. 2010இல் வெளிவந்த இவ்வாய்வில் வேறொரு செய்தியும் இருந்தது. கட்டி தோன்றிய சிறுநீர்ப்பையில், நுண்ணோக்கிக்கு நலமாகத் தோன்றிய பகுதியிலும் இப்பிழை காணப்பட்டது. கட்டியை அகற்றிய பின்னும் நோய் மீள்வதற்கு இது ஒரு விளக்கமாகும். ஊடுருவும் கட்டியின் புள்ளிக்கோலமும் ஊடுருவாக் கட்டியின் புள்ளிக்கோலமும் வெவ்வேறானவை என்பதும் அதே ஆண்டில் வெளியானது.

புள்ளியோடு கட்டும் உண்டு. இறுகக் கட்டிய சுவடியை எவரும் படிக்க இயலாது. டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டுள்ளது. அச்சுற்று இறுகினால் மரபணு அடங்கும், நெகிழ்ந்தால் ஒலிக்கும். தசையை ஊடுருவிய 131 கட்டிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், கட்டை நெகிழ்த்த உதவும் கே.டி.எம்.6ஏ என்னும் மரபணு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கட்டிகளில் பழுதுற்றிருந்தது. இங்கு எழுத்துப்பிழையே குறிப்பிழைக்கு வழிவகுக்கிறது. ஆகவே எல்லாம் புள்ளியால் விளைந்ததென்று உரைப்பது மிகையாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. உதிர்ந்த எழுத்தை மீட்பது அரிது. புள்ளியை நீக்க இயலும். 1998இல், டி-24 என்னும் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் டெசிடபின் மருந்தைச் செலுத்தியபோது, ஊமையாயிருந்த பி-16 மீண்டும் பேசியது. செல்களின் வளர்ச்சியும் தளர்ந்தது. அம்மருந்தும் அதன் உறவான அசாசிடிடினும் இன்று சிலவகை இரத்த நோய்களுக்கு வழங்கப்படுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அவை வழக்கமான மருத்துவமாக இன்னும் அமையவில்லை. பதிப்பாசிரியர் பிழைப்புள்ளியை மட்டும் தெரிந்து நீக்குவார். இம்மருந்துகளோ ஏடு முழுவதும் புள்ளிகளைக் கலைக்கின்றன. இத்தெரிவுத்திறனை அடைவதே ஆய்வாளர் முன்னுள்ள பணி. சிறுநீரில் உதிரும் செல்களின் புள்ளிகளைப் படித்து நோயை அறியும் சோதனைகளும் உருவாகியுள்ளன.

இவ்வவையோர் சொல்லால் வாழ்பவர்கள். ஊழலையும் சாதியையும் ‘புற்றுநோய்’ என்று எழுதுவது மேடைக்கும் கவிதைக்கும் பழகிப்போன உவமை. தீராதது என்ற பொருளில் அவ்வுவமை வரும்போதெல்லாம், நோயுற்றவர் ஒருவர் அதைத் தம்மைப் பற்றிய தீர்ப்பாகப் படிக்க நேரும். ‘தலையெழுத்து’ என்னும் சொல் இன்னும் கொடியது. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் காண்பவர் அச்சொல்லை நம்பி வாளாவிருந்தால், உட்படலத்திலேயே பிடித்திருக்கக்கூடிய நோய் தசைக்குள் சென்றுவிடும். அன்றே மருத்துவரை நாடினால் காலம் அவர் பக்கம் நிற்கும். இந்நோய்க்கு முதன்மைக் காரணமான புகைப்பழக்கமும் பிரமன் எழுதியதன்று. கை பற்றியதைக் கை விடலாம்.

படிப்பவர் கருத்தூன்றினால் ஏட்டுப்பிழை திருந்தும் என்பதற்குத் தமிழ்ப் பதிப்பு வரலாறே சான்று. அந்நம்பிக்கையைக் கவிஞர்கள் தம் சொல்லிலும் காக்க வேண்டும்.