மணமும் அளவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நறுமண எண்ணெய்களைக் குறித்துச் சில சொற் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் மருத்துவர் அல்லேம், தமிழ் கற்பிப்போம். ஆயினும், ஏலத்தை ஏலம் விடும் இப்போடிநாயக்கனூரில் வாழ்வார்க்கு மணத்தைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு. காய் மூட்டை இறங்கும் தெருவில் நடப்போர் மணத்தை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை அன்றோ?

முதற்கண் சொல்லை ஆராய்வோம். எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. வடமொழியில் திலம் என்பது எள். அதனின்று பிறந்தது தைலம். ஆதலின், தைலம் என்னுஞ் சொல்லிலேயே எள் நிற்கின்றது. மூலிகையின் சத்தும் மணமும் நல்லெண்ணெயில் ஏறித் தணிந்து நிற்பதே நம் முன்னோர் வழங்கிய முறை.

இந்நாளிற் சிறு சீசாக்களில் விற்கப்படுவதோ வேறு. ஏலரிசியை இடித்து வாலையிலிட்டு நீராவி செலுத்தி, எழும் ஆவியைக் குளிர்வித்தால், நீரின்மேல் மிதப்பது மணநெய். காகிதத்தில் விட்ட நல்லெண்ணெய் கறையாய் நிற்கும்; மணநெய் பெரும்பாலும் பறந்துபோம். நூறு பங்கு ஏலரிசியில் பத்துப் பங்குக்கு மேல் இந்நெய் கிட்டுவது அரிது. ஆகவே, ஒரு துளியில் ஏறத்தாழ நாலைந்து காய்களின் மணம் அடங்கியுள்ளது. பாயசத்துக்கு இரண்டு காய் போதுமென்று அளந்திடும் நம் பெண்டிர், சீசாவைக் கண்டவுடன் அளவை மறப்பது வியப்பே!

எம் குற்றத்தை இவ்வவையில் மறையாது உரைக்கின்றோம். எம் இளைய மகன் எட்டுத் திங்கட் குழவியாயிருந்தபோது, மார்கழி இரவொன்றிற் சளியால் மூச்சு இரைத்தான். யாம் யூகலிப்டஸ் தைலத்தை யாதொன்றும் கலவாது அவன் மூக்கடியிலும் மார்பிலும் தடவினோம். சிறிது நேரத்தில் குழந்தை மூச்சு விடத் திணறினான். மருத்துவமனைக்கு ஓடினோம், இறையருளால் பிழைத்தான். "நன்மை செய்வதாக எண்ணித்தான் பலரும் இதைச் செய்கின்றனர்" என்றார் மருத்துவர். அச்சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

யூகலிப்டஸ் தைலத்தின் பெரும் பங்கு சினியோல் என்னும் பொருள். ஏலநெய்யிலும் அது கணிசமாக உண்டு. பெரியோர்க்கு மூக்கடைப்பு நீங்கியதுபோல் தோற்றுவிக்கும் அதுவே, பச்சிளங் குழந்தையின் மூச்சுவழியைச் சுருக்கவும் கூடும். கற்பூரமோ, யூகலிப்டஸ் தைலமோ வயிற்றினுட் சென்றால் சிறார்க்கு வலிப்பும் உண்டாகும்.

அங்ஙனமாயின் மணநெய்களை முற்றும் விலக்க வேண்டுமோ எனின், வேண்டா. பிரான்சு தேசத்து இரசாயன நூலார் ரெனே மொரீஸ் கட்ஃபோசே, மணமருத்துவம் எனப் பொருள்படும் பெயரையே தலைப்பாக இட்டு 1937-ல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெயரே உலகெங்கும் பரவியது. நறுமணம் மனத்துக்கு அமைதி தரும், களைப்பை மறக்கச் செய்யும், அது மெய். அது நோயைத் தீர்க்குமென்று விளம்பரம் செய்வோர் கூற்றுக்கோ போதிய சான்றில்லை.

ஆகவே, யாம் வேண்டிக்கொள்வன சில. உடலிற் பூசுவோர் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஓரிரு துளியே கலக்குக. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, எரிச்சல் உண்டோவென ஒருநாள் பார்க்குக. மணநெய்யை எவரும் விழுங்கற்க. சிறார் முகத்தருகே எதனையும் தடவற்க. கருவுற்ற மகளிரும் ஆஸ்துமா உடையோரும் மருத்துவரை வினவாது கொள்ளற்க. சீசாவைக் குழந்தைகளின் கைக்கு எட்டாது பூட்டி வைக்க. தவறி ஒரு குழந்தை குடித்துவிடின், வாந்தி எடுப்பிக்க முயலாது, சீசாவையும் உடன்கொண்டு மருத்துவமனைக்கு விரைக.

எளிய மணம் நம் கையிலேயே உள்ளது. போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளிற் குமட்டல் கண்டோர், நான்கு ஏலரிசியை மென்று ஆறுதல் பெறுவது நம் வழக்கம். அரிசியைத் தோலோடு வைத்து, வேண்டும்போது உரித்தாற் போதும். முன்னரே பொடித்தால் மணம் பறந்துபோம். இயற்கை தந்த அத்தோலே சிறந்த சீசா.

அன்பர்களே! விடியுமுன் ஜீப்பேறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாயர், தம் குழந்தைகளைப் பாட்டியரிடம் விட்டுச் செல்கின்றனர். சளி கண்டாற் பாட்டியின் கை நாடுவது மாடத்திலுள்ள தைலச் சீசாவையே. இன்று கேட்ட சகோதரிகள் இல்லந்தோறும் அப்பாட்டியரிடம் இதனை எடுத்துரைப்பாராயின், அதனினும் பெரிய தொண்டு நம் சங்கத்துக்கு வேறில்லை. மணம் இன்பந் தரும்; அளவே காக்கும்.