கறுப்பு அங்கி யார் பக்கம்?

(சட்டக் கல்லூரி மாணவர் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சட்டம் படிக்கிற மாணவனுக்கு ஸ்தாபனம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பரீட்சை எழுதினோம், சன்னது வாங்கினோம், ஒரு சீனியரிடம் சேர்ந்தோம் என்று இருந்தால் போதாதா என்கிறார்கள். இதற்கு அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன். முதலாளித்துவத்தின் கோட்டையான அந்த நாட்டிலும் உழைப்பாளி மக்கள் பக்கம் நின்ற வக்கீல்களும் மாணவர்களும் உண்டு.

1937-ல் அங்கே நேஷனல் லாயர்ஸ் கில்டு தோன்றியது. அப்போது வக்கீல்களின் பெரிய சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் கறுப்பின வக்கீல்களுக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது. தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமையை ஏற்ற 1935-ம் வருட வாக்னர் சட்டத்தை முதலாளிகள் கோர்ட்டுக்கு இழுத்தனர். அந்தச் சூழ்நிலையில் கில்டு நிற வேற்றுமை பாராமல் வக்கீல்களைச் சேர்த்தது. சொத்துரிமையைவிட மனித உரிமையே மேலானது என்பதைத் தன் அடிப்படைக் கொள்கையாகவும் ஏற்றது.

ஆளும் வர்க்கம் சும்மா இருக்குமா? 1949-ல் ஸ்மித் சட்டத்தின் கீழ் 11 கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீது நியூயார்க்கில் வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதாடிய ஐந்து வக்கீல்களுக்கும் கோர்ட்டு அவமதிப்பு என்று சிறைத் தண்டனை விதித்தார்கள்! அவர்களில் ஒருவர் கில்டைச் சேர்ந்த கறுப்பின வக்கீல் ஜார்ஜ் கிராக்கெட். 1953-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் கில்டையே நாசவேலை ஸ்தாபனங்களின் பட்டியலில் சேர்க்க முயன்றார். கில்டு கோர்ட்டில் போராடியது. 1958-ல் சர்க்கார் அந்த முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

மாணவர்களையும் விடவில்லை. சிகாகோ சர்வகலாசாலையில் சட்டம் படித்துச் சிறந்து தேறியவர் ஜார்ஜ் அனஸ்டப்ளோ. இரண்டாவது உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றியவர். கம்யூனிஸ்ட் அல்ல. ஆயினும் “நீ கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினனா?” என்று வக்கீல் தொழிலுக்குச் சேர்க்கும் கமிட்டி 1950-ல் கேட்டபோது, அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று பதில் சொல்ல மறுத்தார். சன்னது மறுக்கப்பட்டது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் தொழில் கிடைத்திருக்கும். அவர் தொழிலை இழந்தார், கொள்கையை இழக்கவில்லை.

இத்தனை அடக்குமுறைக்குப் பிறகும் கில்டு அழியவில்லை. 1964-ல் மிஸிஸிப்பியில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்குப் போராடியபோது, ஜாக்சன் நகரில் ஆபீஸ் திறந்தது. அதை நடத்தியவர், சிறை சென்று மீண்ட அதே கிராக்கெட்தான். 1970-களின் தொடக்கத்தில் சட்ட மாணவர்களும் உறுப்பினராயினர். இன்று பல சட்டக் கல்லூரிகளில் கில்டின் மாணவர் கிளைகள் இருக்கின்றன.

அவர்கள் செய்யும் வேலை என்ன? ஊர்வலங்களில் பச்சைத் தொப்பி அணிந்து சட்டப் பார்வையாளராக நிற்கிறார்கள். கோஷம் போடுவதில்லை. நோட்டும் பேனாவுமாக, போலீஸ் எத்தனை மணிக்குத் தடியடி நடத்தியது, யாரைப் பிடித்தது, போலீஸ்காரரின் வில்லை எண் என்ன என்று குறித்துக்கொள்கிறார்கள். ஊர்வலத்தில் வருவோர் கில்டின் போன் நம்பரைக் கையில் மையால் எழுதிக்கொள்கிறார்கள். பிடிபட்டவருக்கு வக்கீல் கிடைக்கிறார். போலீஸ் பொய் வழக்குப் போட்டால் மாணவனின் நோட்டு சாட்சியாகிறது. 1968-ல் நியூயார்க்கில், கொலம்பியா சர்வகலாசாலை மாணவர் போராட்டத்தையொட்டித் தொடங்கிய முறை இது.

நண்பர்களே! சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆளும் வர்க்கத்தின் கையில் அது ஆயுதம். ஆனால் மக்கள் போராடிப் பெற்ற உரிமைகளும் அதில் இருக்கின்றன. நம் அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து, கைதானவரை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. கைது மெமோ எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. இதை அறியாத கூலித் தொழிலாளிக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். அதைக் கறிக்கு உதவச் செய்வது உங்கள் கடமை.

ஆகவே வேலைநிறுத்தம் நடக்கும் ஆலை வாசலுக்குப் போங்கள். சேரிக்கும் கிராமத்துக்கும் போங்கள். மனு எழுதிக் கொடுங்கள். கைதானவரின் குடும்பத்தோடு போலீஸ் ஸ்டேஷன் படியேறுங்கள். தனி மாணவனை மிரட்டுவது எளிது. ஸ்தாபனத்தை மிரட்டுவது எளிதல்ல. நாளை நீங்கள் அணியப்போகும் கறுப்பு அங்கி யார் பக்கம் நிற்கும் என்பதை இன்றே தீர்மானியுங்கள்!