பொறியியற் பீடத்தின் வாயிலில்

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் அமைக்க முற்படுவோர் முதலில் ஆற்றின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்தறிவர். அதன் பின்னரே கல்லையும் இரும்பையும் தேடுவர். பொறியியற் கல்வியை நாடும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் செய்யவேண்டிய முதற் காரியமும் அதுவே. கடக்க வேண்டிய பரீட்சை எத்தகையது, அது எதனை அளக்கின்றது என்பவற்றை அறியாது இரவு பகலாக உழைப்பவரின் உழைப்பிற் பெரும்பகுதி வீணாகிவிடுகின்றது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1950 ஆம் ஆண்டில் கொழும்பிற் பொறியியற் பீடமொன்றைத் தொடக்கியது. 1964 இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. பின்னர் 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1999 இல் உறுகுணைப் பல்கலைக்கழகமும் பொறியியற் பீடத்தைப் பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒலுவிலிலும் இயங்குகின்றன. வாயில்கள் பெருகின, ஆயின் அவற்றை நாடுவோர் தொகையும் உடன் பெருகியது. ஆகவே தெரிவு என்பது தவிர்க்க முடியாததாகவே இருந்து வருகின்றது.

அத்தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது? க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் மாணவர் சித்தியெய்த வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையிற் குறைந்தது 30 புள்ளி பெறவேண்டும். அதன்பின் இசட் புள்ளி வரிசைப்படி இடங்கள் வழங்கப்படும். இவற்றுள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன.

இசட் புள்ளி என்ற சொல்லைக் கேளாத பெற்றோர் இல்லை. அதன் பொருளை உணர்ந்தோரோ சிலரே. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, மிச்சத்தை நியம விலகலால் வகுத்தால் வருவது அப்பாடத்துக்குரிய இசட் புள்ளியாகும். நியம விலகல் என்பது, எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சூழ எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. சராசரி 40, நியம விலகல் 20 எனக் கொண்டால், 70 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி ஒன்றரை ஆகும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்து, அவற்றின் சராசரியை நான்கு தசம தானங்கள் வரை எடுப்பர். நான்காம் தசம தானத்து வேறுபாடு ஓர் இளைஞரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிவிடக் கூடும்.

இக்கணக்கினுள் ஒரு பெரும் பாடம் அடங்கியிருக்கின்றது. கணிதத்தில் 2.4, பௌதிகவியலில் 1.9, இரசாயனவியலில் 0.8 எனப் பெற்ற ஒருவரைக் கருதுக. அவருடைய சராசரி 1.7. மூன்று பாடங்களிலும் ஒரே சீராக 1.8 பெற்ற மற்றொருவர், எந்தப் பாடத்திலும் ஊரார் வியக்கத்தக்க புள்ளி பெறாதவராயினும், முன்னவரை முந்திவிடுகின்றார். பொறியியலுக்குக் கணிதமே உயிர் என்று கருதி இரசாயனவியலைக் கடைசி மாதங்களுக்கு ஒத்திப்போடும் வழக்கம் மாணவரிடையே மிகுதி. கணிதம் உயிர் என்பது உண்மை. ஆயினும் தராசிலே மூன்றும் ஒரே நிறையுடையன. அன்றியும், 85 புள்ளியை 95 ஆக்குவதற்கு வேண்டிய உழைப்பிலும் 45 புள்ளியை 60 ஆக்குவதற்கு வேண்டிய உழைப்பு பெரும்பாலும் குறைவே. எந்தப் பாடத்தைத் திறக்க மனம் தயங்குகின்றதோ அந்தப் பாடத்திலேதான் பல்கலைக்கழக இடம் மறைந்து கிடக்கின்றது எனலாம்.

இனி, கற்கும் முறை யாது? பத்தாம், பதினோராம் தரங்களிற் பெற்ற அட்சரகணித அறிவே அடித்தளம். பின்னங்களைச் சுருக்குவதிலும் சமன்பாடுகளைத் தீர்ப்பதிலும் கை தடுமாறுபவர், நுண்கணிதத்தின் கருத்தை விளங்கிக்கொண்டாலும் விடையை அடையார். சாதாரணதரப் பரீட்சை முடிந்தபின் கிடைக்கும் ஓய்வு மாதங்களை அவசர அவசரமாகப் புதுப் பாடங்களைத் தொடங்குவதிற் செலவிடுவதிலும், இந்த அடித்தளத்தை இறுக்குவதிற் செலவிடுதல் நன்று.

விளங்கிக் கற்றலுக்கும் மனனஞ் செய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணம் காட்டும். கரடான சாய்தளமொன்றில் ஒரு துணிக்கை மேல்நோக்கி எறியப்படுகின்றது. ஏறும்போது உராய்வு விசை தளத்தின் வழியே கீழ்நோக்கித் தொழிற்படும். ஆகவே நிறையின் கூறும் உராய்வும் சேர்ந்து அதனைத் தடுக்கும். இறங்கும்போதோ உராய்வு மேல்நோக்கித் திரும்பிவிடும். எனவே ஏறும்போதுள்ள அமர்முடுகலும் இறங்கும்போதுள்ள ஆர்முடுகலும் ஒன்றல்ல. உச்சியிற் கணநேரம் ஓய்ந்த துணிக்கை மீண்டும் இறங்குமா, அங்கேயே நிற்குமா என்பதையும் ஆராய வேண்டும். ஒரே சூத்திரத்தை மனனஞ் செய்தவர் இரு வழிக்கும் அதையே பயன்படுத்திப் பிழைவிடுவார். படத்தை வரைந்து, விசைகளைக் குறித்து, இயக்கத் திசையைச் சிந்தித்தவர் பிழைவிடார். பிற்காலத்தில் அணைக்கட்டையோ கட்டடத்தையோ வரையும் பொறியியலாளரிடம் வேண்டப்படுவதும் இந்தப் பழக்கமே.

கடந்தகால வினாத்தாள்கள் பெருந்துணை புரிவன. ஆயின் அவை கற்றதைச் சோதிக்கும் உரைகல்லேயன்றிக் கற்பதற்கான நூல் அல்ல. ஓர் அலகை முறையாகக் கற்று முடித்த பின்னரே அவற்றை நாட வேண்டும். நேரத்தை வரையறுத்து எழுதிப் பார்க்கவும் வேண்டும். இணைந்த கணித வினாத்தாள் ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். முதற் பகுதியின் பத்துச் சிறு வினாக்களுக்கு 250 புள்ளிகள்; இரண்டாம் பகுதியில் எழுதவேண்டிய ஐந்து வினாக்களுக்கு 750 புள்ளிகள். புள்ளிகளின் விகிதப்படி நேரத்தைப் பங்கிட்டால், சிறு வினா ஒன்றுக்கு நாலரை நிமிடமும் பெரு வினா ஒன்றுக்கு 27 நிமிடமும் கிடைக்கும். பௌதிகவியலின் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணி நேரம். வினா ஒன்றுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. கணிப்பானுக்கும் அனுமதியில்லை. ஆகையால் கைக்கணக்கின் வேகம் நாள்தோறும் பயில வேண்டியதாகின்றது.

ஆய்வுகூடத்தைப் புறக்கணித்தலும் ஆகாது. நுண்மானித் திருகுக் கணிச்சியைக் கையிற் பிடித்து, அதன் பூச்சிய வழுவைத் தானே கண்டறிந்த மாணவருக்குச் செய்முறை பற்றிய வினா இலகுவாகும். படத்தில் மாத்திரம் அக்கருவியைப் பார்த்தவருக்கு அது புதிராகவே இருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உயர்தரப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். விளங்கிக் கற்பதற்குத் தாய்மொழியே சிறந்தது. ஆயின் பொறியியற் பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. பொது ஆங்கிலப் புள்ளி இசட் புள்ளியிற் சேராமையால் அப்பாடத்தைப் பலர் கைவிட்டு விடுகின்றனர். தெரிவுக்கு உதவாத அந்தப் பாடமே தெரிவானபின் முதலாண்டிற் கைகொடுப்பது. ஆர்முடுகல், உந்தம், உராய்வு முதலிய சொற்களைக் கற்கும்போதே அவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது பெரிய சுமையன்று.

இறுதியாகப் பெற்றோர் சிந்திக்க வேண்டியது ஒன்று. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது சட்டம் தரும் வாய்ப்பேயன்றிக் கட்டாயம் அன்று. ஒவ்வொரு பிரத்தியேக வகுப்பாகப் பிள்ளையை அனுப்பி, வீட்டிலே தானாக இருந்து ஒரு கணக்கோடு போராடும் நேரத்தைப் பறித்துவிடுதல் நன்மை பயக்காது. வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டவர் பொறியியலையே தவறவிட்டவர் ஆகார். திறந்த பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டப் படிப்பு உண்டு; தேசிய தொழினுட்ப டிப்ளோமாவும் உயர் தேசிய டிப்ளோமாவும் உண்டு. இவ்வழிகளை முன்கூட்டியே அறிந்த குடும்பத்துப் பிள்ளை அச்சமின்றிப் பரீட்சை எழுதும்; அச்சமின்மையும் ஒருவகைப் புள்ளியே.

பரீட்சை ஒரு வாயில் மாத்திரமே. மூன்று பாடங்களையும் சமமாக மதித்து, காரணத்தைத் தேடிக் கற்று, கையாற் செய்து பார்த்த மாணவரிடம் வாயில் திறந்தாலும் திறவாவிட்டாலும் எஞ்சி நிற்கும் செல்வம் ஒன்றுண்டு. எடுத்த கருமத்தை அளந்து, ஆராய்ந்து, பிழையின்றி முடிக்கும் ஆற்றலே அச்செல்வம். பொறியியல் என்பதும் அதுவேயன்றோ?