அம்மாவோடு ஆகாயத்தில்

முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பகுதி 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் காரைக்காலிலும் உண்டு. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பாரிசுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போவது நமக்குப் புதிதல்ல. ஆனால், கூட வரும் அம்மாவுக்கு மறதிநோய் இருந்தால்?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்கிறது ஆய்வு மதிப்பீடு.

சென்னை விமான நிலையமே இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். முந்தின நாளே போய்த் தங்கி, நன்றாகத் தூங்கவிடுங்கள். சக்கர நாற்காலியும் உதவியாளும் வேண்டுமென்று 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தவருக்கும் இது தேவைதான். வரிசையில் நிற்பதே அவரை நிலைகுலைத்துவிடும். 2016இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டை இன்று பல நிலையங்களில் உண்டு. பார்வைக்குத் தெரியாத குறைபாட்டை ஊழியர்களுக்கு அது உணர்த்தும்.

பலருக்குப் பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடும். விமானத்தில் விளக்கை அணைத்ததும், "வீட்டுக்குப் போவணும்" என்று எழுந்துவிடுவார். வாதாடாதீர்கள். "பிள்ளை வீட்டுக்குத்தாம்மா போறோம்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, நடைபாதைப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். மருந்தும் மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். கழிப்பறைக்குக் கூடவே போங்கள். உள்ளே தாழிட்டுக்கொண்டால் திறக்கத் தெரியாமல் பயந்துபோவார்.

தூக்க மாத்திரையை முதன்முதலாக விமானத்தில் கொடுத்துப் பார்க்கவே கூடாது. சிலருக்கு அது குழப்பத்தை அதிகமாக்கும். மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்.