காடு முதல் வயல் வரை: கிக்ருமாவின் நீர்வழி

நாகாலாந்தின் பெக் மாவட்டத்தில், மழைமறைவுப் பகுதியில் உள்ள மலையூர் கிக்ருமா. அங்கு வாழும் சாக்கேசாங் நாகர்களின் ‘சாபோ’ முறையில் காடு, குளம், மாட்டுப்பட்டி, நெல்வயல் நான்கும் ஒரே சரிவில் மேலிருந்து கீழாக அமைகின்றன.

உச்சிக்காட்டைக் காப்பதுதான் முதல் வேலை. மரமும் சருகும் மழையின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால் மண் கரைவது குறைகிறது. அப்படியும் கரைந்து வரும் வண்டலைக் குளத்துக்குள் விடுவதில்லை. குளத்துக்கு மேலே வெட்டிய குழிகளில் நீர் இரண்டு மூன்று நாள் நின்று தெளிந்த பிறகே உள்ளே இறங்குகிறது. ஆண்டுதோறும் இந்தக் குழிகளைத் தூர்வாருவார்கள். பெரிய குளத்தைத் தூர்வாருவதோடு ஒப்பிட்டால் இது எளிய வேலை. குளத்தின் தரையை இடித்துக் கெட்டிப்படுத்திப் பக்கச் சுவர்களைச் சேறு பூசி அடைக்கிறார்கள்.

குளத்து நீர் நேரே வயலுக்குப் போவதில்லை என்பதில்தான் இந்த முறையின் சாமர்த்தியம் இருக்கிறது. மரத்தாலோ மூங்கிலாலோ வேலியிட்ட மாட்டுப்பட்டி வழியாக அதைத் திருப்பிவிடுகிறார்கள். சாணமும் கோமியமும் கலந்த நீர், பிளந்த மூங்கில் வாய்க்கால்களில் ஓடி வயலைச் சேர்கிறது. எருவைச் சுமக்க ஆள் தேவையில்லை. வயலில் நெல்லோடு மீனும் வளர்கிறது. நீர் வடியும்போது மீன்கள் ஒதுங்க நடுவில் ஒரு சிறு பள்ளம் உண்டு.

வனவியல், நீரியல், கால்நடை அறிவியல், உழவியல் என்று பல்கலைக்கழகம் பிரித்துக் கற்பிப்பவை இங்கு ஒரே குடும்பத்தின் அன்றாட வேலை.  கிக்ருமா உழவருக்குக் காட்டை அறியாமல் வயலைப் பார்க்க வழியில்லை.

நீரை இப்படிச் சரிவில் இறக்கும் இன்னொரு முறை மேகாலயத்தின் ஜைந்தியா மலையில் உண்டு; அங்கு சிக்கல் வேறு. முக்தாபூர்ப் பகுதியில் பாறையின் மேல் மண் மெல்லிய படலமாகவே கிடக்கிறது. வாய்க்கால் வெட்டவும் முடியாது, பாய்ச்சலாக நீர் விட்டால் மண்ணும் போய்விடும். அதனால் ஊற்று நீரை மூங்கில் குழாய்களில் இறக்கிப் பாக்குத் தோட்டத்து வெற்றிலைக் கொடிகளுக்கும் மிளகுக்கும் விடுகிறார்கள். நிமிடத்துக்கு 18 முதல் 20 லிட்டராக நுழையும் நீர், கிளை கிளையாகப் பிரிந்து, செடியின் வேரருகே நிமிடத்துக்கு 20 முதல் 80 சொட்டாகக் குறைகிறது. மூங்கில் இரண்டு மூன்று ஆண்டில் உளுத்துவிடும். அதை மாற்றவும் தாங்குகால்களைச் சீர்செய்யவும் தோட்டக்காரர்கள் கூடி ஆளுக்குக் கொஞ்சம் உழைப்பைத் தருகிறார்கள்.